அளவறிந்து பொருத்துதல்

ஒரு பொருள் பழுதுபட்டால், அதனினும் பெரியதொன்றை வாங்கி அவ்விடத்தில் வைத்துவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்று எண்ணுவது மனித இயல்பு. அவ்வியல்பு நம்மிடமும் குடிகொண்டிருந்தது என்பதை ஒரு பழைய மோட்டார் காரின் காபரேட்டர் நமக்கு உணர்த்திற்று.

நமது மர்ஹூம் வாப்பா விட்டுச் சென்ற உடைமைகளுள் ஒன்று 1965ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் 1000 கார், 1098 சீ.சீ. எஞ்சின் கொண்டது. நம்மை மத்ரஸாவில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதில்தான். மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவை ஏற்றம் கடந்து, உம்மாவைக் கண் வைத்தியத்துக்காகக் கண்டிக்கு மாதந்தோறும் அழைத்துச் செல்வதும் அதில்தான்.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் கியூ.ஆர். முறை வந்தபோது, காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோலே முதலில் அளந்து கொடுக்கப்பட்டது. அந்நாளில்தான் காரும் நோயுற்றது. நின்றவிடத்தில் எஞ்சின் சீராக ஓடாது. ஏறும், இறங்கும், அணைந்துவிடும். கராஜ் நானா காபரேட்டரின் திறாட்டில் அச்சை விரலாற் பற்றி அசைத்துக் காட்டினார். அது கடகடவென்று ஆடியது. “மௌலவி, அச்சும் தேஞ்சிட்டு, அது இருக்கிற ஓட்டையும் தேஞ்சிட்டு. அந்த இடுக்கால காத்து உள்ளுக்குப் போகுது” என்றார்.

கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சென்றோம். நமது காருக்குரிய பழைய காபரேட்டர்கள் அங்கே இருந்தன. எனினும் எடுத்தவை யாவும் நம்முடையதைப் போலவே அச்சுத் தேய்ந்தவை. அதே வகையைப் புதிதாகச் செய்யும் நிறுவனம் இங்கிலாந்தில் இன்றும் உண்டு. ரூபாய் வீழ்ந்து கிடந்த அவ்வாண்டில் அதன் விலை ஓர் ஆசிரியருக்கு எட்டும் விலையன்று. அவ்வேளையில் ஒரு கடையில், மினி 1000 காரின் பிற்கால மாதிரிக்குரிய காபரேட்டர் ஒன்று ஆட்டமின்றி, பளபளப்பாக நம் கண்ணில் பட்டது. நம்முடையதைவிட வாய் அகன்றது.

தொழில்நுட்பக் கல்லூரியில் பயிலும் நம் மகன், “வாப்பா, இது வேற அளவு. புத்தகத்தப் பாத்துட்டு எடுப்போம்” என்றான். “பெரியதாக இருந்தால் எஞ்சினுக்குப் பலம்தானே?” என்று கூறி, அவன் சொல்லைத் தள்ளிவிட்டுப் பணத்தைக் கொடுத்தோம். கராஜ் நானாவும் தயங்கினார். நமது வற்புறுத்தலுக்காகவே, இடையில் ஒரு தட்டுச் செய்து அதைப் பொருத்திக் கொடுத்தார்.

அடுத்த வாரம் கடுகண்ணாவை ஏற்றத்தின் பாதியில் கார் கரும்புகை கக்கி நின்றுவிட்டது. பிளக்குகளில் கரி அப்பியிருந்தது. கண்ணில் மருந்திட்ட உம்மா, வெயிலில் ஒரு கல்லின்மீது ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: “வாப்பாட கார் இப்பிடி ஒரு நாளும் நின்டதில்ல, மகன்.”

அன்றிரவு மகன், வாப்பாவின் அலுமாரியிலிருந்த பழைய கைந்நூலைத் தேடி எடுத்து நம்முன் விரித்தான். தன் சொல்லே சரி என்று அவன் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. இவ்வகைக் காபரேட்டருக்கு எஸ்.யூ. என்று பெயர், ஸ்கின்னர் யூனியன் என்பதன் சுருக்கம். பாதணி வணிகக் குடும்பத்தில் பிறந்த ஜோர்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்பார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை ஆக்கினார். முதலில் செய்யப்பட்டவற்றில் தோல் துருத்தியே இருந்தது. பின்னர் பிஸ்டன் வந்தது. எஞ்சின் இழுக்கும் காற்றுக்கேற்பப் பிஸ்டன் உயரும். அதன் அடியில் கூம்பிச் செல்லும் ஊசியொன்று ஜெட் என்னும் துளையினுள் தொங்கும். பிஸ்டன் உயர உயர ஊசியின் மெல்லிய பகுதி துளைக்கு வந்து, பெற்றோலுக்கு வழி கூடும்.

பெயரிலேயே அளவும் உண்டு. எச்.எஸ்.2 என்றால் ஓர் அங்குலத்தோடு எட்டில் இரண்டு பங்கு, அதாவது 1.25 அங்குல வாய். அதுவே நமது காருக்குரியது, அதற்கு ஏ.என். என்னும் ஊசி. நாம் வாங்கியதோ எச்.எஸ்.4, 1.5 அங்குலம். நமது எஞ்சின் இழுக்கும் காற்று முன்போன்றதே. வாய் அகன்றபடியால் அதே காற்றுக்குப் பிஸ்டன் முன்னளவு உயராது. ஊசியோ வேறோர் எஞ்சினுக்குக் கடைந்தது. காற்றுக்கும் பெற்றோலுக்குமிடையே இருந்த கணக்கு பிசகிற்று.

கைந்நூலை மூடியபோது நமக்கு நாணம் மேலிட்டது. ஸர்ஃபுப் பாடத்தில் ஃபா, ஐன், லாம் என்னும் மூன்றெழுத்துகளைத் தராசாக்கி, ஒவ்வொரு சொல்லையும் அதன் வஸ்னில் நிறுத்துப் பார்க்குமாறு மாணவருக்குப் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். ‘கதப’ என்றால் எழுதினான். முதலெழுத்தை நீட்டிக் ‘காதப’ என்றால் மடல் பரிமாறிக்கொண்டான். ஓர் அலிஃபின் நீளம் பொருளையே மாற்றிவிடும் என்று சொல்லிக்கொடுக்கும் நாம், கால் அங்குலம் எதையும் மாற்றாது என்று எவ்வாறு எண்ணினோம்?

“மகன், நீங்க சொன்னதுதான் சரி” என்றோம். அவன் தலை குனிந்து கைந்நூலை எடுத்துச் சென்றான்.

பழைய காபரேட்டரே மீண்டும் கராஜுக்குச் சென்றது. நானா தேய்ந்த துளையை அகட்டி, பித்தளைப் புஷ் இறக்கி, புதிய அச்சையும் ஜெட்டையும் ஏ.என். ஊசியையும் பொருத்தினார். எஞ்சினை ஓடவிட்டுப் பிஸ்டனைச் சிறிதளவே உயர்த்தினார். வேகம் சற்றே கூடி, உடனே பழைய நிலைக்குத் திரும்பியது. வேகம் கூடியபடியே நின்றால் பெற்றோல் மிகை, தளர்ந்தால் குறை. “இப்ப சரி, மௌலவி” என்றார்.

அடுத்த மாதம் உம்மா அதே காரில் அந்த ஏற்றத்தைக் கடந்தார்கள். தாம் அமர்ந்திருந்த கல் வந்தபோது அதனைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். பெரிய காபரேட்டரை நாம் விற்கவில்லை. நமது மேசையின்மீது, ஸர்ஃபு நூல்களின் அருகே அது இருக்கிறது. அது என்னவென்று மாணவர் கேட்டால், “நாம் பிழைவிட்ட ஒரு பாடம்” என்கிறோம்.