மேசையின் நான்காம் பலகை

மரத்துக்கு மெருகிடுதலைக் குறித்துக் கல்லூரி இதழில் எழுதப் புகுவது நண்பர் சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். மொழியைப் பற்றியும் வரலாற்றைப் பற்றியும் எழுத வல்லார் பலருளர். மேசைப் பலகையைப் பற்றி எழுதுவாரோ அரியர். ஆயினும் சென்ற சில ஆண்டுகளில் எம் உள்ளத்தை மிக வருத்தியது ஒரு பலகையேயாதலின், அதனையே ஈண்டு எடுத்துரைக்கத் துணிந்தோம்.

எம் தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியர். முதலாண்டுச் சம்பளத்திற் சிறிது சிறிதாக மிச்சம் பிடித்து, தேக்கு மரத்தால் எழுதுமேசையொன்று செய்வித்தார். நீளம் நான்கடி, மேற்புறம் நான்கு பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்திச் சேர்த்தது, அடியிற் புத்தகம் வைக்க ஒரு தட்டு, வலப்புறம் ஓர் இழுப்பறை. நாற்பதாண்டுக் காலம் அதன்மீது அவர் பிள்ளைகளின் ஏடுகளைத் திருத்தினார். இரண்டாம் பலகையில் உள்ளங்கையளவு மைக்கறை ஒன்று உண்டு. மைக்கூட்டைக் கவிழ்த்தவர் யாமே. அப்போது வயது நான்கு. தந்தையார் எம்மை அடியாமல், சிந்திய மையில் எம் விரலைத் தோய்த்து, மேசைமீதே அகரம் எழுதிக் காட்டினார் என்று அன்னையார் கூறுவர். எமக்கு நினைவில்லை. கறை மட்டும் இருக்கிறது.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தது. தந்தையார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அன்னையாரை மதுரையில் எம்மோடு வைத்துக்கொண்டு, நெல்லைச் சீமையிலுள்ள ஊர்வீட்டைப் பூட்டினோம். பூட்டிய கதவு பதினேழு திங்கள் திறக்கப்படவில்லை. நோயின்மேற் பழியைப் போடுதல் எளிது. ஆனால் வழி திறந்த பின்னரும், "வீட்டைப் போய்ப் பார்த்து வா" என்று அன்னையார் பன்முறை சொல்லியும், வேலை மிகுதியென்று சொல்லி நாளைக் கடத்தினோம். இறுதியிற் சென்று மேசையைத் தொட்டபோது, முன்விளிம்பிலிருந்த நான்காம் பலகை விரலுக்கு வழிவிட்டது. உள்ளே முழுவதும் மண்.

தேக்கைக் கறையான் தின்னுமோ எனின், வயிரத்தை எளிதில் தின்னாது, வெளிற்றைத் தின்னும். மரத்தின் உட்பகுதி முதிருந்தோறும் அதில் நிறமும் எண்ணெய்ப் பசையும் கறையானுக்கு ஒவ்வாத பொருள்களும் ஏறுகின்றன, அதுவே வயிரம். அதனைச் சூழ்ந்துள்ள வெண்ணிறப் பகுதிக்கு அக்காவல் இல்லை. புறத்தே வயிரமுடையவற்றைப் புல்லென்றும், அகத்தே உடையவற்றை மரமென்றும் தொல்காப்பிய மரபியல் பிரிப்பதை வகுப்பிற் படித்தோமன்றோ? படித்த எமக்கு, எம் வீட்டு மேசையில் வெளிறு இருந்தது தெரியவில்லை. பலகையைக் கழற்றிப் புரட்டிய பிறகே, அதன் அடிப்பாகத்தில் மூன்றிலொரு பங்கு வெளிறென்பதும், முதலிற் செய்த தச்சர் அதனைச் சாயம்பூசி வயிரத்தோடு ஒப்பச் செய்திருந்தார் என்பதும் புலனாயின. மனிதர் கண்ணை ஏறத்தாழ அறுபதாண்டு ஏய்த்த சாயம் கறையானை ஏய்க்கவில்லை.

இதனைக் கண்ட பின்னரும் யாம் செய்தது அதே பிழையே. அன்னையார்க்குத் தெரியுமுன் சரிசெய்துவிட வேண்டுமென்னும் அவசரம் எம்மைப் பிடித்தது. புதுத் தேக்குப் பலகையொன்று வாங்கி, அகப்பட்ட தச்சரொருவரைக் கொண்டு பசையிட்டு இறுக்கினோம். கடையில் 'வால்நட்' என்றெழுதிய சாய டப்பா ஒன்று கிடைத்தது. இரவு எட்டு மணிக்கு மின்விளக்கின்கீழ் யாமே பூசினோம். பழைய பலகைகளுக்கும் புதியதற்கும் வேற்றுமையே இல்லையென்று மகிழ்ந்து உறங்கினோம்.

விடிந்து சாளரத்தைத் திறந்தபோது மகிழ்ச்சி ஒழிந்தது. பழையவை தேன்நிறமாயிருக்க, புதியது கருஞ்சிவப்பாய்த் தனித்து நின்றது. இருவேறு பொருள்களாற் பெற்ற ஒரே நிறம் ஓர் ஒளியில் ஒத்திருந்து மற்றோர் ஒளியில் வேறுபடுதலை 'மெட்டாமெரிசம்' என்று பௌதிக நூலார் கூறுவர்; ஒரு நூலைப் புரட்டியிருந்தாற்கூட அன்றிரவு பூசியிருக்க மாட்டோம். போதாக்குறைக்கு, பசை கசிந்து துடைக்கப்படாத இடங்களிற் சாயம் ஏறாமல் வெளிறிய திட்டுகள். ரேகைக்குக் குறுக்கே உப்புத்தாள் தேய்த்த கீறல்களில் எல்லாம் சாயம் தங்கிக் கருங்கோடுகள். நீரை உறிஞ்சும் தாள்போல் நுனிமுகம் சாயத்தைக் குடித்து ஒரே கருமை. ரேகையோ இருந்த இடமே தெரியவில்லை.

அவ்வூரில் முதிய ஆசாரியார் ஒருவர் இருக்கிறார். எம் தந்தையாரிடம் படித்தவர். தொழிலைப் பெரும்பாலும் மகனிடம் விட்டுவிட்டார். அவர் வந்து மேசையைப் பார்த்தார். சாயத்தைப் பற்றி ஒன்றுஞ் சொல்லவில்லை. "தம்பி, நிறத்தை விடுங்கள். இந்த மூன்று பலகையிலும் ரேகை எப்படி ஓடுகிறது, இதில் எப்படி ஓடுகிறது, பாருங்கள்" என்றார்.

பார்த்தோம். பழைய மூன்றிலும் ரேகைகள் வீணைத் தந்திபோல் நெடுகிலும் நேராக ஓடின. புதியதில் மலைக்குமேல் மலையடுக்கினாற்போல் வளைந்து வளைந்து ஏறின. அடிமரத்தின் நடுவிலிருந்து புறம்நோக்கி, வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைப்போல், அறுத்த பலகையில் ஆண்டு வளையங்கள் நேர்கோடுகளாய்த் தோன்றும். வளையத்தின் ஓரமாய் அறுத்ததில் வளைவுகளாய்த் தோன்றும். ஒரே மரமாயினும் அறுத்த வகையால் முகம் வேறாகிவிடுகின்றது. ரேகை பொருந்தாத பலகைக்கு எந்நிறம் கொடுத்தாலும் அது அயலாகவே நிற்கும் என்பது அவர் கருத்து. யாம் கடையில் அகலத்தையும் கனத்தையும் விலையையும் கேட்டோமேயன்றி, ரேகையைப் பார்க்கவில்லை.

பின்பு அவர் தரையில் மண்டியிட்டு, மேசையின் அடியிலிருந்த புத்தகத் தட்டை விளக்கு வைத்து நோக்கினார். அதன் ரேகையும் நேர். அதே மரத்தில் அறுத்ததாகவே இருக்க வேண்டுமென்றார். வெளிறுண்டோ என்று இருபுறமும் இழைத்துப் பார்த்து, இல்லையெனத் தெளிந்து, அத்தட்டை மேலே கொணர்ந்து நான்காம் பலகையாக்கினார். யாம் வாங்கிய பலகை அடியிற் போய்த் தட்டாயிற்று. கனம் சிறிது குறைந்தமையால் அடியில் மெல்லிய சட்டம் கொடுத்தார். எமக்குத் தோன்றாத இவ்வுபாயம் தச்சர்க்குப் பழையதாம்.

நிற்க. பழைய பலகைகளின்மேல் இருந்த மெருகு யாதென்று அறிய, மறைவான மூலையில் ஒரு துளி ஸ்பிரிட்டைத் தடவினார். சற்று நேரத்தில் அவ்விடம் விரலில் ஒட்டியது. அரக்கு மெருகென்று உறுதியாயிற்று. வார்னிஷாயின் அவ்வளவு விரைவில் இளகாது. பாரதத்திற் பாண்டவர்க்கு மாளிகை கட்டிய அதே அரக்குத்தான். பலாசு, கூசும், இலந்தை முதலிய மரக்கிளைகளிற் சிறு பூச்சிகள் சுரப்பது. சார்க்கண்டு, சத்தீசுக்கர் நாடுகளில் மிகுதியாய் எடுக்கப்படுவது. இதனை ஆராய்வதற்கென்றே இராஞ்சியை அடுத்த நாம்கும் என்னுமிடத்தில் 1924-இல் ஒரு நிலையம் ஏற்பட்டது. தூய்மைசெய்த அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டிற் கரைத்தால் மெருகு. ஆசாரியார் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் இட்டு, ஓரிரவு ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டினார்.

பலகையை ரேகையின் போக்கிலேயே இழைத்து, ரேகையின் போக்கிலேயே உப்புத்தாளிட்டு, பின் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தார். நீர் பட்டதும் இரு செய்திகள் வெளிப்பட்டன. சாய்ந்து படிந்திருந்த நுண்ணார்கள் எழுந்தன. அவை உலர்ந்தபின் மீண்டும் தேய்த்தார். மற்றொன்று, மெருகிட்டபின் மரம் எந்நிறம் கொள்ளுமென்பது அவ்வீரத்திலேயே முன்னறிவிப்பாய்த் தெரிந்தது. உலர்ந்த மரத்தின் புறத்தே எண்ணிறந்த நுண்குழிகளிற் காற்று நிறைந்துள்ளது. ஒளி அங்கே சிதறுவதால் ஒரு வெண்மூட்டம் தோன்றுகின்றது. காற்றின் ஒளிவிலகல் எண் 1. அரக்கினுடையது ஏறத்தாழ 1.5, மரநாரினுடையதும் அதனை அடுத்தது. ஆதலின் அரக்கு குழிகளை நிரப்பியதும் சிதறல் குறைந்து, ஒளி உள்ளே சென்று மீள்கின்றது. மூட்டம் விலகி, ரேகை ஆழத்திலிருந்து எழுந்துவருவதுபோற் காண்கிறோம். ஆசாரியார்க்கு இவ்வெண்கள் தெரியா. தலையைப் பலகையளவு தாழ்த்தி, ஒளி சாய்ந்துவரும் பக்கமாய் நோக்கி, "கண் திறக்கிறது" என்றார்.

தேக்கின் துளைகளை நிரப்பச் சுண்ணப் பொடியிற் காவி கலந்தார். வெறும் சுண்ணம் வைத்தாற் பின்னாளிற் புள்ளி புள்ளியாய் வெளுத்துக் காட்டுமாம். அதன்பின் பழவேட்டித் துணியிற் பஞ்சைப் பொதிந்து, மெருகில் தோய்த்து, வழுக்கிச் செல்ல ஆளிவிதை எண்ணெய் ஒரு துளியிட்டு, கை நில்லாமல் வட்டமாய்த் தேய்த்தார். கை நின்றால் துணி ஒட்டிக்கொள்ளும். காலையிலும் மாலையிலுமாக ஒன்பது நாள். ஒவ்வொரு பூச்சும் மூச்சுப் பட்டாற்போல் மெல்லியது. நிறத்தை அவர் சாளரத்தருகே பகலொளியில் மட்டுமே ஒப்புநோக்கினார். எண்ணெய்த் துணிகளை நாடோறும் நீரில் நனைத்து வெளியே விரித்தார். சுருட்டிப் போட்டால் உலர்கையில் தானே வெப்பமேறித் தீப்பற்றும் என்பதை மாணவர் நினைவிற்கொள்வாராக.

வேலை தொடங்குமுன் ஆசாரியார் ஒன்று கேட்டிருந்தார். "நான்கு பலகையையும் மேலோடு இழைத்துவிட்டால் இரண்டே நாளில் ஒரே நிறமாகிவிடும். மைக்கறையும் பெரும்பாலும் போய்விடும். என்ன சொல்கிறீர்கள்?" சிக்கனமும் அழகும் அவ்வழியிலேயே இருந்தன. ஒரு பகல் முழுவதும் எண்ணினோம். இழைக்க வேண்டாமென்றோம். அதனால் நான்காம் பலகை மற்றவற்றைவிட ஓர் இழை வெளுப்பாகவே நின்றுவிட்டது. இதற்குமேற் சாயமிட்டு ஒப்பவைக்க ஆசாரியார் உடன்படவில்லை. நெடுங்காலம் நிழலிலிருந்த மரம் ஒளிபட்டாற் பழுக்கும். மேல்விரிப்பின்றிச் சாளரத்தோரம் போட்டுவையுங்கள் என்று சொல்லி, கூலியிற் பாதியை வாத்தியாருக்காக என்று திருப்பித் தந்தார். யாம் வற்புறுத்தியும் வாங்கவில்லை.

மறு திங்களில் அன்னையாரை ஊருக்கு அழைத்துச் சென்றோம். நடந்ததை அதுவரை சொல்லவில்லை. அவருக்குக் கண்ணொளி மங்கியுள்ளது. ஓர் இழை வெளுப்பு அவர்க்குத் தோன்றாதென்று எண்ணியிருந்தோம். நாற்காலியில் அமர்ந்து, மேசைமீது இருகைகளையும் வைத்தார். மைக்கறையைத் தடவினார். பின்பு கை முன்விளிம்புக்கு வந்து, இடவலமாய் இருமுறை சென்று நின்றது.

"இங்கே ஒரு பள்ளம் இருக்குமே. உன் அப்பா மணிக்கட்டு வைக்கிற இடம்" என்றார்.

யாவற்றையும் சொன்னோம், கதவு பூட்டிக் கிடந்த பதினேழு திங்களையும் சொன்னோம். ஆசாரியாரை அழைத்து அவ்விடத்தைச் சிறிது தேய்த்துத் தரச் சொல்லட்டுமா என்று கேட்டோம். அன்னையார் அதற்கு மறுமொழி கூறவில்லை. சற்று நேரங்கழித்து, வெயில் எந்தச் சாளரத்தில் நெடுநேரம் நிற்குமென்று கேட்டார், கீழ்ப்புறச் சாளரமென்றோம். மேசையை இன்னும் ஒரு சாண் அந்தப் பக்கம் தள்ளிப் போடச் சொன்னார்.