அதலைக்காய் வந்தாச்சா? மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில் ஒரு காலை!

ஐப்பசி மழை நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்துவிட்டால் போதும், மதுரைப் பக்கத்து வீடுகளில் ஒரு கேள்வி கிளம்பிவிடும். ‘அதலைக்காய் வந்திருச்சா?’

சென்னையிலோ கோவையிலோ இருப்பவர்களுக்கு இந்தப் பெயரே புதிதாக இருக்கலாம். பாகற்காய்க்குத் தங்கச்சி மாதிரி ஒரு காய் இது. சின்னதாக, பச்சையாக, உடம்பு முழுக்க வரி வரியாக இருக்கும். கசப்பில் அக்காவுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. மதுரை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் கரிசல் காடுகளில் தானாக முளைக்கிற கொடி. யாரும் விதைப்பதில்லை, உரம் போடுவதில்லை. சொல்லப்போனால், பல விவசாயிகளுக்கு இது களை! கோடை முழுக்க மண்ணுக்குள் கிழங்காகப் படுத்துக் கிடந்துவிட்டு, மழை ஈரம் பட்டதும் துளிர்த்துவிடும்.

இந்தக் காயிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பறித்த பிறகு நாள் கணக்கில் வைத்திருக்க முடியாது. வெடித்து, விதை வெளியே வந்துவிடும். குளிர்சாதன லாரி, சூப்பர் மார்க்கெட், பத்து நிமிட டெலிவரி என்று என்னென்னவோ வந்த பிறகும் அதலைக்காய் தன் ஊரைத் தாண்டி அதிகம் போகாததற்கு இதுதான் காரணம். சாப்பிட ஆசை என்றால், காய் இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும்.

அப்படிப் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிற இடங்களில் ஒன்று, அண்ணா நகர் உழவர் சந்தை. அதலைக்காய் கிடைக்காவிட்டாலும் வெறும் பையோடு யாரும் திரும்புவதில்லை என்பது வேறு விஷயம்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இதுதான். 1999-ம் ஆண்டு நவம்பர் 14-ம் தேதி, அப்போதைய முதல்வர் மு.கருணாநிதி திறந்து வைத்தார். பஞ்சாபில் 1987-லேயே ‘அப்னி மண்டி’ என்ற பெயரில் இப்படி ஒரு ஏற்பாடு தொடங்கியிருந்தது. 1999 தொடக்கத்தில் அன்றைய ஆந்திராவில் ‘ரைத்து பஜார்’ வந்தது. அதே வருடக் கடைசியில் மதுரை. இன்றைக்கு மாநிலம் முழுக்க 180-க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள் இருக்கின்றன. நடுவில் 2001-ல் ஆட்சி மாறியபோது கவனிப்பு குறைந்து பல சந்தைகள் களையிழந்து கிடந்ததும், 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றதும் பழைய கதை.

அலங்காநல்லூர், வாடிப்பட்டி, மேலூர், சோழவந்தான் என்று மதுரையைச் சுற்றியிருக்கும் ஊர்களில் காய் வைத்திருப்பவருக்கு விடியற்காலை என்பது சேவல் கூவுகிற நேரம் அல்ல. அதற்கும் முன்னால். கத்திரியும் வெண்டையும் முந்தின நாள் சாயங்காலமே பறித்துச் சாக்கில் கட்டியாகிவிடும். கீரையை மட்டும் கடைசியாக அறுப்பார்கள். இருட்டில், டார்ச் வெளிச்சத்தில். பிறகு பஸ்ஸோ, ஷேர் ஆட்டோவோ, டூவீலரின் பின் சீட்டோ. உழவர் சந்தைக்குக் காய் கொண்டு வருகிறவர்களுக்கு அரசுப் பேருந்தில் சுமைக் கட்டணம் இல்லை என்பது திட்டம் தொடங்கிய நாளிலிருந்து உள்ள சலுகை. நாலு மூட்டைக்கு லக்கேஜ் போட்டால் லாபமே போய்விடுமே!

உள்ளே கடைக்கு வாடகை கிடையாது. தராசு சந்தை நிர்வாகமே கொடுக்கும். கமிஷன் என்று யாரும் கையை நீட்டுவதில்லை.

விலைப் பலகையில்தான் விஷயம்!

சந்தைக்குள் நுழைந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது காயை அல்ல, பலகையை. அன்றைய விலை அதில் எழுதியிருக்கும். அது எப்படி வருகிறது தெரியுமா?

ஒவ்வொரு நாளும் மொத்த மார்க்கெட்டில் காய் என்ன விலைக்குப் போகிறது, வெளியே சில்லறைக் கடையில் என்ன விலைக்கு விற்கிறது என்று சந்தை அலுவலர்கள் விசாரிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு விலையை நிர்ணயம் செய்வார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல். வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. இதுதான் கணக்கு.

ஒரு உதாரணம் பார்ப்போம். கத்திரிக்காய் மொத்த மார்க்கெட்டில் கிலோ 30 ரூபாய், தெருமுனைக் கடையில் 44 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் அது 36, 37 ரூபாய்க்கு வரும். மொத்த மார்க்கெட்டில் போட்டிருந்தால் விவசாயிக்குக் கிடைக்கும் 30 ரூபாயிலும் கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று பிடிப்பு உண்டு. இங்கே 36 ரூபாயும் கைக்கு வரும். வாங்குகிறவருக்குக் கிலோவுக்கு ஏழெட்டு ரூபாய் மிச்சம். யாரும் யாருக்கும் தானம் செய்யவில்லை. நடுவில் இருந்த கைகள் குறைந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இது சின்ன விஷயமில்லை. ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கையின்படி, நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 பைசா. வெங்காயத்துக்கு 36 பைசா, உருளைக்கிழங்குக்கு 37 பைசா. மூன்றில் ஒரு பங்கு! தண்ணீர் பாய்ச்சியவருக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் வழியில்.

2023 ஜூலை மாதத்தை இல்லத்தரசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி எகிறியது. தக்காளி இல்லாத ரசம் வைப்பது எப்படி என்று ஊரே யோசித்தது. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தது. அடுத்த ஒன்றிரண்டு மாதத்தில் அதே தக்காளி, பறிகூலிக்குக்கூடக் கட்டாத விலைக்குச் சரிந்தது. இதில் ஏறும்போது வலி நமக்கு, இறங்கும்போது வலி விவசாயிக்கு. உழவர் சந்தை இந்த ஏற்ற இறக்கத்தை நிறுத்திவிடும் என்று சொல்ல முடியாது. மொத்த விலை ஏறினால் இங்கேயும் ஏறத்தான் செய்யும். ஆனால் அந்த ஏற்றத்தில் பெரும் பங்கு நிலத்துக்காரர் மடியில் விழும்.

பலகை இருப்பதால் பேரம் பேச வேலையில்லை. ஆனாலும் மதுரைக்காரர்கள் சும்மா வருவார்களா? ‘அக்கா, கொசுறு?’ என்று பையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ, நாலு மல்லித்தழையோ விழும் வரை நகர மாட்டார்கள்.

மாசத்தைச் சொல்லும் காய்

கேலண்டரைப் பார்க்காமலேயே இந்தச் சந்தையில் மாசம் சொல்லிவிடலாம். மார்கழி, தையில் மொச்சையும் அவரையும் குவிந்து கிடக்கும். நாட்டு அவரை, பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கிற செடி. அதனால் பனிக்காலம்தான் அதற்குச் சீசன். பொங்கல் நெருங்கினால் சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு, மஞ்சள் கொத்து. பொங்கலன்றைக்குப் பல வீடுகளில் இந்தக் காய்களை எல்லாம் சேர்த்துக் குழம்பு வைப்பதற்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை. அந்த மாசம் தோட்டத்தில் இருப்பதை எடுத்துச் சட்டியில் போட்டார்கள்!

முருங்கை இதற்கு நேர் எதிர். வெயில் ஏற ஏறக் காய்க்கும். பங்குனி, சித்திரையில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். விலை கேட்கவே தேவையில்லை. அதே முருங்கைக்காய் மார்கழியில் கிலோ 300 ரூபாயைத் தாண்டிய வருடங்கள் உண்டு. அந்த மாசத்தில் முருங்கைக்காய் சாம்பார்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பதில் என்ன இருக்கிறது? பக்கத்திலேயே முருங்கைக்கீரை இருக்கிறது. அவரைக்காய் இருக்கிறது. நாலு மாசம் பொறுத்தால் முருங்கை தானாக இறங்கி வரும்.

சித்திரை, வைகாசியில் வெள்ளரிப் பிஞ்சு, கோவைக்காய், மாங்காய். மழைக்குப் பிறகு பிரண்டையும் மணத்தக்காளியும் தளதளவென்று வரும். சிறுமலை வாழைப்பழம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். புவிசார் குறியீடு வாங்கிய பழம் இது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு ருசி கொடுக்கிற மலைவாழைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கேரட், பீன்ஸ், முட்டைகோஸ் எல்லாமும் இங்கே கிடைக்கும். ஆனால் அவை மலையிலிருந்து இறங்கி வந்த விருந்தாளிகள். மதுரை மண்ணின் காய் வேண்டும் என்றால் கத்திரி, வெண்டை, புடலை, பீர்க்கு பக்கம் போங்கள்.

‘எப்பப் பறிச்சது?’ என்ற கேள்வியை இங்கே தாராளமாகக் கேட்கலாம். பதில் சொல்லப் பறித்தவரே எதிரில் உட்கார்ந்திருப்பார். இந்தக் கேள்விக்கு அர்த்தம் இருக்கிறது. கீரையை அறுத்த நிமிடத்திலிருந்தே அதில் ஈரமும் வைட்டமின் சி-யும் குறையத் தொடங்கிவிடும். மக்காச்சோளத்தைப் பறித்து வைத்தால் அதன் இனிப்பு மெல்ல மாவாக மாறும். காலையில் அறுத்த அரைக்கீரையை மதியம் கடைந்து சாப்பிடுகிறவருக்கு இந்த விஞ்ஞானம் எல்லாம் வேண்டாம். நாக்கே சொல்லிவிடும்.

வாசலுக்கு உள்ளே... வெளியே...

எல்லோரும் இந்தச் சந்தைக்குள் கடை போட்டுவிட முடியாது. அடையாள அட்டை வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் சான்று, வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலர் நிலத்தைப் பார்த்து உறுதி செய்வது என்று அதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? மொத்த மார்க்கெட்டில் நாலு மூட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு ‘நானும் விவசாயிதான்’ என்று வியாபாரி உட்கார்ந்துவிடுவார். அட்டை இருந்தும்கூட அப்படி நுழைந்துவிடுகிறார்கள் என்ற புகார் பல ஊர்ச் சந்தைகளில் அவ்வப்போது எழுகிறது.

இன்னொரு புகார், வாசலில். உழவர் சந்தை எங்கே இருக்கிறதோ அங்கே வெளியே தரைக்கடைகளும் முளைத்துவிடும். வண்டியை நிறுத்தி உள்ளே நடக்கச் சோம்பல் படுகிறவர்கள் வாசலிலேயே வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ராத்திரித் தூக்கத்தை விட்டுவிட்டுப் பஸ் பிடித்து வந்தவர் உள்ளே கடைசி வரிசையில் ஆள் வராமல் காத்திருப்பார். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால், வெளியே இருக்கிற எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது. ஆரம்பத்தில் சொன்ன அதலைக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக் காட்டில் பறித்துக் கொண்டு வருகிற விவசாயியிடம் அது சந்தைக்கு உள்ளேயே கிடைக்கும். ஆனால் அதைத் தேடிப் பறிக்கிறவர்களில் நிலமே இல்லாத பெண்களும் உண்டு. மழை விட்ட காட்டில் குனிந்து குனிந்து, கொடி கொடியாகத் தேடி, ஒரு மடி நிறைவதற்குள் இடுப்பு விட்டுவிடும். நிலம் இல்லை என்றால் பட்டா இல்லை, பட்டா இல்லை என்றால் அட்டை இல்லை. அவர்களுக்குச் சாக்கை விரிக்க வாசலுக்கு வெளியேதான் இடம். நடுவில் இடைத்தரகர் யாரும் இல்லாத காய் என்றால், உண்மையில் இந்தச் சாக்கில் இருப்பதுதான். வருடத்துக்கு இரண்டு மூன்று மாசம் மட்டும் வருகிறவர்களுக்குச் சந்தைக்குள் ஒரு ஓரம் ஒதுக்கினால் யாருக்கும் நஷ்டம் வந்துவிடாது.

அதலைக்காய் வாங்கினால் அன்றைக்கே சமைத்துவிடுங்கள். நறுக்க வேண்டாம். காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், வரமிளகாய் தாளித்து முழுசாகப் போட்டு வதக்கி, இறக்கும்போது தேங்காய்ப்பூ தூவினால் பொரியல் ரெடி. கசப்பு பயமாக இருந்தால் புளிக்குழம்பில் போடலாம். சர்க்கரை நோய் இருக்கிறவர்கள் இதைத் தேடி வாங்குவது மதுரையில் வழக்கம். சாப்பிடுங்கள், ஆனால் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு: சந்தை விடியும் முன்பே களைகட்டிவிடும். நல்ல காயைப் பொறுக்கி எடுக்க 7 மணிக்குள் போய்விட வேண்டும்; ஞாயிற்றுக்கிழமை இன்னும் சீக்கிரம். துணிப்பை இரண்டாகக் கொண்டு போங்கள், ஒன்று கீரைக்கு, ஒன்று காய்க்கு. மேலே பூசணியைப் போட்டுத் தக்காளியைச் சட்னி ஆக்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். சில்லறையும் கையில் இருக்கட்டும், எல்லோரிடமும் கியூஆர் அட்டை இருக்கும் என்று சொல்ல முடியாது.

பத்து மணிக்கு மேல் போனால் கூட்டம் இருக்காது, தேர்வும் இருக்காது. மிச்சமிருக்கும் கீரைக்கட்டை விலை குறைத்துக் கொடுத்துவிட்டு, மதிய பஸ்ஸுக்குள் சாக்கை மடித்துக்கொண்டு கிளம்புகிற அவசரத்தில் எல்லோரும் இருப்பார்கள். அடுத்த நாளைக்கான வெண்டைக்காய் செடியில் காத்திருக்கும்.