பிழை தந்த விழிப்பு

செக்கோஸ்லோவாக்கிய நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-ஆம் ஆண்டில் ஒரு நாடகம் எழுதினார். மக்களுக்கு மாற்றாகப் பாடுபடுவதற்கென்றே ஆலையில் ஆக்கப்பட்ட செயற்கை மாந்தர் அதில் வருகின்றனர். அவர்களுக்கு ‘ரோபோ’ என்னும் பெயரைக் கூறியவர், அவர்தம் தமையனாரும் ஓவியருமான ஜோசப் சாபெக் ஆவார். செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்னும் சொல், முற்காலத்தில் குடியானவர் தம் நிலக்கிழார்க்குக் கட்டாயமாகச் செய்து தீரவேண்டிய ஊழியத்தைக் குறிக்கும். ஆகவே, ரோபோ என்னும் சொல் பிறந்தபொழுது இரும்பைக் குறிக்கவில்லை, அடிமைத்தன்மையையே குறித்தது. இவ்வுண்மை ஆழ்ந்து எண்ணத்தக்கது.

தனக்கென விருப்பம் ஒன்றின்றிப் பிறர் ஏவியவாறு இயங்குவதே பொறியின் இயல்பு. அவ்வியல்பு பொறியோடு நில்லாமல் மனிதனையும் பற்றிக்கொள்வதுண்டு. மணி அடித்தால் எழுகின்றான். மணி அடித்தால் உண்கின்றான். மாலையில் ஒளிரும் திரைமுன் அமர்கின்றான். அது காட்டுவதைக் காண்கின்றான். அது வாங்கச் சொல்வதை வாங்குகின்றான். நூலால் ஆட்டப்படும் மரப்பாவைக்கும் அவனுக்கும் வேற்றுமை யாது? தான் ஆட்டப்படுவதைப் பாவை அறியாது; அவனும் அறிந்திலன். இத்துயிலினின்றும் மனிதனை எழுப்ப முயன்ற கலைஞர் ஒருவரின் வரலாறு அறியத்தக்கது.

நாம் ஜூன் பைக் என்பது அவர்தம் பெயர். கொரிய நாட்டின் சியோல் நகரில் 1932-ஆம் ஆண்டில் பிறந்த அவர், ஜப்பானில் கல்வி பயின்று, பின்னர் இசைக்கலையை மேலும் கற்கும்பொருட்டு ஜெர்மனி சென்றார். அங்கு ஊப்பர்ட்டால் நகரில் 1963-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரு கண்காட்சி நடத்தினார். அதில் 13 தொலைக்காட்சிப் பெட்டிகள் இடம்பெற்றன. அவற்றின் படங்கள் சிதைந்தும் திரிந்தும் தோன்றுமாறு செய்திருந்தார். கொண்டுவரும் வழியில் பெட்டி ஒன்று பழுதுற்றது. படம் முழுவதும் சுருங்கி ஒற்றைக் கோடாகிவிட்டது. பிறராயின் அதனை மூலையில் ஒதுக்கியிருப்பர். அவரோ பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தார். கிடந்த கோடு நின்ற கோடாயிற்று. செய்தியும் கூத்தும் விளம்பரமும் ஓய்ந்த அத்திரையில் அமைதி ஒன்றே எஞ்சியது. புத்த சமயத்தின் தியான நெறியை நினைவூட்டும் வண்ணம், ‘தொலைக்காட்சிக்கு ஜென்’ என்று அதற்குப் பெயரிட்டார்.

அக்காலத் தொலைக்காட்சிப் பெட்டியினுள் எலெக்ட்ரான் கற்றை ஒன்று திரையின் பின்புறத்தே வரிவரியாக விரைந்து ஓடிப் படத்தைத் தீட்டும். காந்தம் அருகில் வந்தால் அக்கற்றை நெறி பிறழும். இதனை நன்கறிந்த அக்கலைஞர், 1965-ஆம் ஆண்டில், குதிரை இலாடம் போன்ற பெருங்காந்தம் ஒன்றைப் பெட்டியின் மேல் வைத்தார். உருவங்கள் மறைந்தன; வளைந்து நெளியும் ஒளிக்கோலங்கள் தோன்றின. காந்தத்தை நகர்த்தக் கோலமும் மாறியது. காட்டியதைக் கண்டிருந்தவன், தன் கையாலேயே காட்சியை ஆக்கவும் வழி பிறந்தது. இஃதன்றோ விழிப்பு!

இத்தகைய பிழைகளையே பொருளாகக் கொண்ட கலை, பிற்காலத்தில் ‘கிளிட்ச் கலை’ எனப் பெயர் பெற்றது. மின்னழுத்தத்தில் திடீரென நேரும் சிறு தடுமாற்றத்தைக் கிளிட்ச் என்பர். 1962-ஆம் ஆண்டில் விண்கலத்தில் பூமியை வலம்வந்த ஜான் கிளென், அவ்வாண்டு வெளிவந்த நூலொன்றில் இச்சொல்லை விளக்கியுள்ளார். இன்றோ திரை கைக்குள் அடங்கிவிட்டது. அதில் காணும் படம் எண்களின் நிரலே. அவ்வெண்களுள் சிலவற்றைக் கலைஞர் வேண்டுமென்றே மாற்றுவர். முகம் துண்டுதுண்டாக விலகும், வண்ணங்கள் இடம்பெயரும். காண்போன் திடுக்கிடுவான். ‘இதுவரை கண்டது முகமன்று, பொறி தொகுத்துக் காட்டிய உருவமே’ என்று உணர்வான்.

அவ்வாறாயின், பிழை யாவும் நன்றோ? அன்று. பாலத்தின் கணக்கிலும் மருந்தின் அளவிலும் நேரும் பிழை உயிரைக் குடிக்கும். அங்குப் பிழையின்மையே அறம். கலைஞர் நாடுவது, எவர்க்கும் ஊறு செய்யாது உள்ளத்தை மட்டும் எழுப்பும் பிழையாகும். அதுவும் பழகிவிட்டால் பயன் குன்றும். எந்தப் படத்தையும் நொடியில் சிதைத்துக் காட்டும் செயலிகள் இன்று கைப்பேசியிலேயே உள்ளன. ஏவியவுடன் வந்து நிற்கும் பிழை பிழையாகுமோ? அதுவும் பொறியின் பணிவிடையே. எனவே, விழிப்பு கருவியில் இல்லை. காண்போன் உள்ளத்தில் உள்ளது.

இவ்வுண்மையை அக்கலைஞரின் மற்றொரு செயலும் உணர்த்தும். 1964-ஆம் ஆண்டில், ஜப்பானியப் பொறியியலாளர் ஷூயா அபேயின் துணையோடு அவர் ரோபோ ஒன்றைச் செய்தார். தொலைவிலிருந்து இயக்கினால் அது நடக்கும். அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த கென்னடியின் உரையை ஒலிக்கும். 1982-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரின் விட்னி அருங்காட்சியகத்தில் அவர்தம் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தபொழுது, அந்த ரோபோவை வீதிக்கு நடத்திச் சென்றனர். முன்னரே செய்த ஏற்பாட்டின்படி, கார் ஒன்று அதனை மோதி வீழ்த்தியது. ‘இருபத்தோராம் நூற்றாண்டின் முதல் விபத்து’ என்பது அந்நிகழ்ச்சியின் பெயர். பொறிகள் மலிந்த உலகில் அவை தவறும் நாளும் வரும். அந்நாளை எதிர்கொள்ள மாந்தர் பழகவேண்டும் என்பது அவர் கருத்து.

வீழ்ந்த ரோபோ தன் வீழ்ச்சியை எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்க்க வல்லவர் சுற்றி நின்ற மாந்தரே. கடிகாரம் தவறாக ஓடினும், தான் தவறியதை அது அறியாது. தவற்றைக் கண்டு நின்று, ‘இஃது ஏன்?’ என வினவும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு. அவ்வினா உள்ளவரை அவன் மனிதன். அது மறைந்த அன்று, ஊனும் உதிரமும் உடையவனாயினும், அவன் பொறியே.