நகத்தால் எழுதிய பெயர்

மார்கழி பிறந்ததும் என் முழங்காலுக்குக் கீழே ஒரு சிலேட்டு முளைத்துவிடும். நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். நாலாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, என் பெயரை இனிஷியலோடு எழுதியிருக்கிறேன். எச்சில் தொட்டு அழித்தால் அடுத்த பாடவேளைக்குள் சிலேட்டு காய்ந்து தயாராகிவிடும். முத்துப்பேட்டை வாடைக்காற்றின் உபயம்.

இந்த வயதிலும் கால் வெளுக்கிறது. பார்த்த மகள் ஒரு டியூப் வாங்கிக் கொடுத்தாள். ஸ்கிரப்பாம். வாரம் இரண்டு முறை தேய்க்க வேண்டுமாம். ‘எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது’ என்று போட்டிருந்தது. அந்த ‘எல்லா’தான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எங்கள் அப்பாயி தேய்ப்பதற்குப் பஞ்சாங்கம் வைத்திருந்தாள். வேலியில் ஒரு பீர்க்கங்காயைப் பறிக்காமல் விட்டு, உலுக்கினால் விதை குலுங்கும் வரை காயவைப்பாள். மேல்தோலை உரித்து, விதையை உதறினால் பீர்க்கங்கூடு. பங்குனி, சித்திரையில் அதுவும் பயத்தமாவுமாகக் கிணற்றடியில் நிற்பாள். தப்பி ஓட முடியாது. கழுத்து அழுக்கு திரிதிரியாக உருண்டு வரும். “உன் கழுத்துல ஒரு மரக்கா நெல்லு விதைக்கலாம்டா” என்பாள். கண்ணில் மாவு, முதுகில் எரிச்சல், சுற்றிலும் சிரிக்க அத்தை பிள்ளைகள்.

ஐப்பசி மழை பிடித்ததும் அந்தக் கூடு எரவாணத்துக்குப் போய்விடும். தை பாதி வரை இறங்காது. காலெல்லாம் செதில் செதிலாக நிற்கும், அரிக்கும். “தேச்சு விடு அப்பாயி” என்று நானே கேட்டாலும் மசிய மாட்டாள். உள்ளங்கையில் நல்லெண்ணெய் ஊற்றி, மெல்ல நீவிவிடுவாள். “உதிர்றது தானா உதிரும். ஒட்டிக்கிட்டிருக்கிறதுக்கு ஒரு வேல இருக்குடா.”

சொன்னவளின் கால் எப்படி இருந்தது தெரியுமா? சம்பா நடவு முடிய நாள் முழுக்கச் சேற்றில் ஊறிய கால். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். ராத்திரி மருதாணியை அரைத்து அப்பிக்கொண்டு, காலைத் திண்ணைக்கு வெளியே தொங்கப்போட்டுப் படுப்பாள். அவளுக்கு நீவிவிட யாருமில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை.

ஒட்டியிருப்பதன் வேலை என்ன என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். மேல்தோலின் வெளியடுக்கு முழுக்கச் செத்த செல்கள். செங்கல்லைப் போல அவை அடுக்கியிருக்க, இடையில் கொழுப்புதான் சாந்து. உள்ளே இருக்கும் ஈரத்தைக் காப்பது அந்தச் சுவர். சில வாரங்களில் அது தானே புதுசாகும். வயதானால் இன்னும் தாமதமாகும். வாடையில் சாந்து உலர்ந்து கிடக்கும்போது சுரண்டினால், அழுக்கோடு சுவரும் போகும்.

போன சித்திரையில் எங்கள் ஊர்ப் பக்கமுள்ள ஜாம்புவானோடையிலிருந்து படகில் அலையாத்திக் காட்டுக்குப் போனேன். படகுக்காரர் வெண்கண்டல் இலை ஒன்றைக் கிள்ளி, “நக்கிப் பாருங்க” என்றார். உப்பு! உப்புத்தண்ணீரைக் குடிக்கும் மரம், மிஞ்சிய உப்பை இலையில் உள்ள சுரப்பிகள் வழியே வெளியே தள்ளுகிறது. வெயில் காலத்தில் அது பொடியாகப் பூத்து நிற்கும். மழை வந்தால் கழுவிக்கொண்டு போகும். ஆக, இந்த மரத்துக்கும் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. அப்பாயிக்குத் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

ஒரு புயல் இந்தக் காட்டைத் தேய்த்துப் பார்த்ததும் உண்டு. 2018 நவம்பர் 16, நள்ளிரவுக்குப் பின் கஜா கரையேறியது. விடிந்தபோது தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்தன. அலையாத்தி மொட்டையாக நின்றது. “உப்பத் துப்புற மரத்துக்குத் துப்ப எலை இல்லாமப் போச்சுங்க” என்றார் படகுக்காரர். சில மரங்கள் அப்படியே பட்டுப்போயின. சில மெல்லத் துளிர்த்தன.

டியூப் இன்னும் குளியலறை அலமாரியில்தான் இருக்கிறது. மகளிடம், “தை பிறக்கட்டும்” என்று சொல்லியிருக்கிறேன். நேற்று ராத்திரி எண்ணெய் தடவும் முன், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, காலில் பெயரை எழுதிப் பார்த்தேன். கோடு வெள்ளையாகத்தான் விழுந்தது. சுருக்கத்தில் ஏறி இறங்கி எழுத்துத்தான் கோணிக்கொண்டது. இனிஷியலோடு நிறுத்திவிட்டேன்.