வரிசை தப்பிய படிக்கட்டு

குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகரத்தில், கோபான் இடிபாடுகளுக்கு ஒருநாள் சுற்றுலா என்று தெருவுக்குத் தெரு பலகை வைத்திருக்கிறார்கள். விடிவதற்கு வெகுமுன்பே வேனில் ஏற்றிவிடுவார்கள். மலைப்பாதையில் நாட்டையே குறுக்காகக் கடந்து, எல் ஃப்ளோரிடோ எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட்டை நீட்டி, ஹோண்டுராஸுக்குள் கால் வைக்கும்போது வெயில் ஏறியிருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே கணிசமான தூரம் திரும்பியாக வேண்டும் என்று ஓட்டுநர் அவசரப்படுவார். எஞ்சும் சில மணி நேரத்தில்தான் மாயர்களின் மிக நுட்பமான சிற்ப நகரத்தைப் பார்த்து முடிக்க வேண்டும். அப்படித்தான் நானும் முதலில் போனேன். எங்களை அழைத்துப்போன நிறுவனத்தின் கைடு நல்ல பேச்சாளர், சிரிக்கச் சிரிக்கப் பேசினார். பந்தாட்டக் களத்தில் தோற்றவன் தலை போயிற்றா, ஜெயித்தவன் தலை போயிற்றா என்ற கதைக்கு அவர் செலவழித்த நேரத்தில் கால்வாசியைக்கூட எழுத்துப் படிக்கட்டுக்குத் தரவில்லை. “போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நகரலாம்” என்றார். அந்த ஆதங்கம் இன்னும் ஆறவில்லை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கி.பி. 426-இல் கினிச் யாஷ் குக் மோ என்பவன் இங்கே ஓர் அரச மரபைத் தொடங்கினான். அவனோடு சேர்த்து 16 அரசர்கள். 16-ஆம் அரசன் யாஷ் பசாஹ் 776-இல் நிறுவிய ‘க்யூ பலிபீடம்’ என்ற சதுரக் கல்லில், பக்கத்துக்கு நால்வராக 16 பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல்வன் தன் கையிலிருக்கும் கோலைப் பதினாறாமவனிடம் நீட்டுகிறான். அந்தச் சிற்பத்தில் முதல்வனின் வலது முன்கையில் ஒரு சிறு கேடயம் இருக்கிறது. கோட்டை மேட்டுக்குள் சுரங்கம் தோண்டிய ஆய்வாளர்கள் அவனுடையது என்று கருதும் கல்லறையைத் திறந்தபோது, அந்த எலும்புக்கூட்டின் வலது முன்கை உடைந்து கூடிய நிலையில் இருந்தது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு செதுக்கிய சிற்பிக்கு அந்தக் கையைப் பற்றி ஏதோ நினைவு வந்து சேர்ந்திருக்கிறது!

822-இல் உகித் தோக் என்பவன் அரியணைக்கு உரிமை கோரித் தொடங்கிய பலிபீடம் முழுதாகச் செதுக்கப்படாமல் நின்றுவிட்டது. அதோடு அரச மரபு முடிந்தது. மக்கள் அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் பள்ளத்தாக்கில் வாழ்ந்து மெல்லக் குறைந்தார்கள் என்று எரிமலைக் கண்ணாடிக் கருவிகளின் வயதை வைத்து டேவிட் வெப்ஸ்டர் குழுவினர் வாதிட்டார்கள். அந்தக் காலக்கணிப்பு முறையே நம்பத்தக்கதல்ல, சரிவு வேகமாகத்தான் நடந்தது என்று எதிர்த்தவர்களும் உண்டு. எனக்கு எதிர்த்தரப்பின் வாதமே வலுவாகத் தெரிகிறது. ஆனால் எந்தத் தரப்பை ஏற்றாலும், மாயர்கள் மாயமாக மறைந்துவிட்டார்கள் என்பது மட்டும் சுத்தப் பொய். கோபானைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் சோர்ட்டி மாயர்கள் இன்றும் சோளம் விதைக்கிறார்கள். அவர்களுடைய தாய்மொழி, இந்தக் கற்களில் உள்ள மொழிக்கு மிக நெருங்கிய உறவு.

பெரிய திடலில் நிற்கும் பி நெடுங்கல்லின் முன் இந்தியர்கள் கொஞ்ச நேரம் நிற்கத்தான் வேண்டும். 731-இல் 13-ஆம் அரசன் எழுப்பிய கல் அது. அதன் மேல் மூலைகள் இரண்டிலும் வளைந்து தொங்கும் நீண்ட மூக்குகள். இவை யானைத் துதிக்கைகள், மேலே இருப்பவர்கள் பாகன்கள், ஆகவே இந்திய நாகரிகம் கடல் கடந்து இங்கே வந்திருக்கிறது என்று கிராஃப்டன் எலியட் ஸ்மித் என்ற உடற்கூறியல் பேராசிரியர் அடித்துச் சொன்னார். 1924-இல் இதற்காகவே ஒரு புத்தகமும் போட்டார். அவை பஞ்சவர்ணக்கிளியின் அலகுகள் என்று மாயவியல் ஆய்வாளர்கள் அப்போதே மறுத்தார்கள். பிறகு எழுத்துகளைப் படிக்க முடிந்தபோது, அந்தக் கல்லிலேயே பஞ்சவர்ணக்கிளி மலை என்ற இடப்பெயர் இருப்பது தெரியவந்தது. வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. ஆனாலும் மாயர்கள் நம்மவர்கள்தான் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளில் இந்த ‘யானை’ இன்னும் உலவுகிறது. அந்தக் கல்லை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும்போது, அவர்கள் உழைப்பை நம் கணக்கில் எழுதுவது அநியாயம். நுழைவாயில் மரங்களில் உட்கார்ந்து கத்தும் சிவப்புப் பஞ்சவர்ணக்கிளிகளின் அலகை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கல்லைப் பார்த்தால் போதும், சந்தேகம் தீர்ந்துவிடும்.

இனி, படிக்கட்டு.

பந்தாட்டக் களத்துக்குத் தெற்கே, ஏறத்தாழ 21 மீட்டர் உயரத்துக்கு ஒரு பிரமிடின் முகத்தில் ஏறிச்செல்கிறது. 10 மீட்டர் அகலம், 60-க்கும் மேற்பட்ட படிகள். ஒவ்வொரு படியின் நெற்றியிலும் இடமிருந்து வலமாக எழுத்து. மொத்தம் 2,200 குறிகள் அளவுக்கு இருக்கும். மாய உலகில் இதைவிட நீளமான கல்வெட்டு எதுவும் கிடைத்ததில்லை. நடுநடுவே ஆளுயர அரசர்கள் படியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், தூரத்து மெக்சிகோவின் தியோதிவாகான் போர்வீரர்களின் அலங்காரத்தோடு. உச்சியில் ஒரு கோயில் இருந்தது. அதன் உள்ளே இருந்த கல்வெட்டில் மாய எழுத்து ஒரு வரிசை, அதே வாசகம் தியோதிவாகான் பாணியில் அலங்கரித்த உருவங்களாகப் பக்கத்தில் இன்னொரு வரிசை. நாங்கள் அந்தப் பெரிய நகரத்தின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு அத்தனை ஆசை.

ஆசைக்குக் காரணம் அவமானம். படிக்கட்டின் முதல் கட்டத்தை 13-ஆம் அரசன் வாஷக்லஹூன் உபா கவீல், தனக்கு முன் நீண்டகாலம் ஆண்ட அரசனின் சமாதி இருந்த மேட்டில் 710 வாக்கில் கட்டினான். பெரிய திடலில் நீங்கள் வியந்து பார்க்கும் நெடுங்கற்களில் பெரும்பாலானவை அவன் எழுப்பியவை. 738-இல் அவனை, அவனே முன்னின்று பட்டம் கட்டிவைத்த கிரிகுவா ஊர்ச் சிற்றரசன் பிடித்துத் தலையை வெட்டினான். அதன்பிறகு 17, 18 ஆண்டுகள் கோபானில் ஒரு நினைவுக்கல்கூட எழவில்லை. 15-ஆம் அரசன்தான் 750-களில் துணிந்து, பழைய படிக்கட்டைப் பெரிதாக்கி, மரபின் கதை முழுவதையும் தொடக்கத்திலிருந்து எழுதவைத்தான். தலை போன அரசனின் சாவையும் அவன் மறைக்கவில்லை. போரில் விழுந்தவனாக, மரியாதையோடு பதிவு செய்திருக்கிறான். தோற்ற நாடு தன் தோல்வியையும் சேர்த்து இவ்வளவு பெரிதாக எழுதிவைத்த இடம் வேறெதுவும் எனக்குத் தெரியாது.

எழுத்து அவ்வளவு கம்பீரம், ஆனால் உள்ளே இருந்தது கல்லும் மண்ணும் போட்ட நிரப்புதான். சுண்ணாம்பில் சிக்கனம் பிடித்துவிட்டார்கள். மழையும் மர வேரும் நிலநடுக்கமும் சேர்ந்து மேல்பகுதியைச் சரித்துவிட்டன. 1890-களில் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகக் குழு வந்தபோது, அடிப்படிகளும், மேலிருந்து மொத்தமாக வழுக்கி இறங்கிய ஒரு பகுதியும் மட்டுமே வரிசை கலையாமல் இருந்தன. மற்றதெல்லாம் குவியல். அந்தக் குழுவின் ஜான் ஓவன்ஸ் 1893-இல் காய்ச்சலில் இறந்து திடலிலேயே புதைக்கப்பட்டார். குழுவினர் கற்களைப் படம் எடுத்தார்கள், முற்றத்தில் பரப்பிவைத்தார்கள், ஒப்பந்தப்படி தங்கள் பங்கையும் எடுத்துக்கொண்டார்கள். படியில் உட்கார்ந்திருந்த அரசர்களில் ஒருவர் இப்போது ஹார்வர்டில் இருக்கிறார்.

1930-களில் கார்னகி நிறுவனத்தின் சார்பில் குஸ்டாவ் ஸ்ட்ரோம்ஸ்விக் வந்தார். நார்வேக்காரர், மாலுமியாக இருந்தவர். கோட்டை மேட்டை அரித்துக்கொண்டிருந்த கோபான் ஆற்றையே வேறு வழியில் திருப்பியவர். அவரும் உள்ளூர்த் தொழிலாளர்களும் கற்களைத் தூக்கி, காரை வைத்து, படிக்கட்டை மீண்டும் மேலே வரை ஏற்றினார்கள். அப்போது உலகத்தில் ஒருவருக்கும் மாய எழுத்தை வாசிக்கத் தெரியாது. நாள், மாதக் கணக்குகள் மட்டும்தான் புரியும். ஒலிக்குறிகளைப் பற்றி யூரி நோரோசோவ் எழுதியது 1952-இல். கல்வெட்டுகளில் இருப்பது மன்னர்களின் வரலாறு என்று தாத்தியானா ப்ரோஸ்கூரியாகோஃப் நிறுவியது 1960-இல். ஆகவே பொருந்திய அளவு பார்த்து, கிடைத்த இடத்தில் கல்லை வைத்தார்கள். நாம் இன்று நிமிர்ந்து பார்க்கும் படிக்கட்டின் பெரும்பகுதி, தாள் மாற்றித் தைத்த புத்தகம்.

மாய வாசகங்கள் ‘இன்ன நாளிலிருந்து இத்தனை நாள் கழித்து’ என்று கணக்குப் போட்டு ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்ததற்குத் தாவும். நாளும் இடைவெளியும் அடுத்த நாளும் கூட்டினால் சரியாக வரவேண்டும். வரிசை கலைந்தால் கூட்டல் உதைக்கும். அந்த உதையை வைத்தே எந்தக் கல் இடம் மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். ஆய்வாளர்கள் பார்பரா ஃபாஷும் டேவிட் ஸ்டூவர்ட்டும் 1890-களின் பழைய புகைப்படங்களையும் இந்த நாள்கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு, கணிசமான பகுதியின் பழைய வரிசையைத் தாளில் மீட்டுவிட்டார்கள். “இதை யாராலும் படிக்க முடியாது” என்று கைடுகள் இன்னும் சொல்வது பழைய பாடம்.

எனக்குப் பிடித்த இடம் படிக்கட்டின் அடி, 756-இல் நிறுத்திய எம் நெடுங்கல்லின் பக்கம். அங்கே கயிற்றுக்கு இப்பால் நின்றால், இடம் மாறாத அடிப்படிகள் கண் மட்டத்திலேயே இருக்கின்றன. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான, பச்சை கலந்த கல். வெட்டும்போது மென்மையாக இருப்பதால்தான் ஒரு குறிக்குள் கண் இமையும், காதணியும், விரல் நகமும் வரை இறங்கியிருக்கிறார்கள். இந்தக் கல்லுக்குள் அங்கங்கே தீக்கல் முடிச்சுகள் சிக்கியிருக்கும். உளி ஏறாத இடம் அது. ஒரு சிற்பி அதை முட்டி எடுத்திருப்பான், இன்னொருவன் அப்படியே விட்டுவிட்டுச் சுற்றி வேலை செய்திருப்பான். அடிப்படிகளிலிருந்து பார்வையை மெல்ல மேலே ஏற்றிக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் சரியான வரிசை முடிந்து குழப்பம் தொடங்குகிறது என்பது கண்ணுக்குப் பிடிபடாது. எல்லாம் ஒரே ஒழுங்காகத் தெரியும். எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். தவறு தவறாகவே தெரிந்தால் பார்ப்பவர் கேள்வி கேட்பார். இவ்வளவு நேர்த்தியாக அடுக்கியதால் யாரும் கேட்பதில்லை.

ஸ்ட்ரோம்ஸ்விக்கை நான் குறை சொல்லமாட்டேன். அவர் தூக்கி நிறுத்தாமல் விட்டிருந்தால் பாதிக் கற்கள் முற்றத்திலேயே கரைந்திருக்கும். குறை பிற்காலத்தினர் மேல். கல்லைக் காப்பாற்றுவதாகச் சொல்லி ஒவ்வொரு காலத்திலும் ஒரு ரசாயனத்தைப் பூசினார்கள். பூசிய இடம் இறுகி, உள்ளே ஈரம் சிக்கி, எழுத்தோடு சேர்ந்து செதில் செதிலாக உரிந்தது. பாசியைத் தேய்த்தபோது பாசியோடு கோடும் போனது. 1980-களில் மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டினார்கள். அழகில்லைதான், ஆனால் செய்த காரியங்களிலேயே உருப்படியானது அதுதான். லாஸ் ஏஞ்சலீஸின் கெட்டி பாதுகாப்பு நிறுவனம் வந்து ஆராய்ந்தபோதும், மழையை மேலே விழவிடாமல் தடுப்பதையே முதன்மையாகச் சொன்னது. தற்காலிகமாகக் கட்டிய துணி இத்தனை ஆண்டுகளாக நிற்கிறது. கிழிந்தால் மாற்றுகிறார்கள், மறுபடி கட்டுகிறார்கள். உலகப் பாரம்பரியச் சின்னமாக 1980-இலேயே யுனெஸ்கோ ஏற்ற இடம் இது. அதன் மிகப் பெரிய ஆவணத்துக்கு இதற்குள் ஒரு நிலையான கூரை வந்திருக்க வேண்டாமா?

கற்களைப் பிரித்துச் சரியான வரிசையில் மறுபடி வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. இன்றைய நிலையில் ஒரு கல்லை நெம்பினால் அதன் முகம் கையோடு வந்துவிடும். தவறான வரிசை அப்படியே இருக்கட்டும், அதுவும் இப்போது அதன் வரலாறுதான். செய்யவேண்டியது, மீட்டெடுத்த வரிசையை முப்பரிமாண ஸ்கேனிலிருந்து வார்த்து, பக்கத்திலேயே ஓர் அறையில், ஸ்பானிஷிலும் சோர்ட்டியிலும் பொருளோடு வைப்பது. சோர்ட்டிப் பிள்ளைகள் தங்கள் மொழியின் பழைய வடிவத்தை முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுதான்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருநாள் பயணமாகப் போகாதீர்கள். கோபான் ருய்னாஸ் ஊரில் ஓர் இரவு தங்குங்கள். அங்கிருந்து இடிபாடுகள் ஒரு கிலோமீட்டர், நடந்தே போகலாம். வாயிலில் உரிமம் பெற்ற உள்ளூர் கைடுகள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். சிற்ப அருங்காட்சியகத்துக்குத் தனிச் சீட்டு, பணத்தைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். பிரமிடுக்குள் புதைந்தபடி 1989-இல் கிடைத்த ரோசலீலா கோயிலை அதன் முழு அளவில், அசல் சிவப்பு வண்ணத்தோடு அங்கே கட்டிவைத்திருக்கிறார்கள். பையில் ஒரு பைனாகுலர் இருக்கட்டும், மேல் படிகள் வெறும் கண்ணுக்கு எட்டாது. படிக்கட்டின் முன் போனதும் கைடிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இதில் எந்தெந்தப் படி தன் சொந்த இடத்தில் இருக்கிறது? நாலு பேர் தினமும் கேட்டால், ஒருநாள் அங்கே ஒரு பலகையாவது வைப்பார்கள்.