விட்டுப்போன எண்

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நான் வரைந்த ஒரு வரைபடம் இன்றும் சில ஆய்வேடுகளில் மேற்கோளாக வருகிறது. கடல்நீர் சூடாகச் சூடாக, கீட்டோசெராஸ் என்ற டயாட்டத்தின் (ஒருவகை நுண்பாசி) உடலில் கொழுப்பு ஏறுகிறது என்று அது காட்டும். அதிலுள்ள எண்கள் சரிதான். அவற்றின் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய இன்னொரு எண்ணை நான் தெரிந்தே விட்டுவிட்டேன்.

சில குடுவைகளை 25 டிகிரியிலும் சிலவற்றை 32 டிகிரியிலும் வைத்து வளர்த்தேன். சூட்டில் இருந்த செல்கள் முதலில் மளமளவென்று பெருகின. ஊட்டநீரில் இருந்த நைட்ரேட் சீக்கிரமே தீர்ந்தது, பெருக்கமும் நின்றது. நைட்ரஜன் இல்லாவிட்டால் புரதம் உருவாகாது, புரதம் இல்லாவிட்டால் செல் பிளவுபடாது. ஆனால் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும்வரை ஒளிச்சேர்க்கை கொஞ்சமாவது நடக்கும். அதில் சேரும் கார்பனை வேறு வழியின்றி செல் டிரைகிளிசரைடு என்ற சேமிப்புக் கொழுப்பாக மாற்றி ஒதுக்கிவைக்கும். நைல் ரெட் சாயம் ஏற்றி ஒளிர் நுண்ணோக்கியில் பார்த்தேன். சிவப்பாக ஒளிரும் பச்சையத்துக்கு நடுவே பொன்மஞ்சள் துளிகள் செல்லை அடைத்துக்கொண்டு நின்றன. அவ்வளவு அழகு. அது பட்டினியில் வந்த கொழுப்பு என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணிய செல் கணக்கும் நோட்டில் இருந்தது. 25 டிகிரிக் குடுவைகள் மெதுவாக வளர்ந்து மற்றவற்றைத் தாண்டியிருந்தன. 32 டிகிரியில் செல்கள் சாகத் தொடங்கியிருந்தன. லிட்டருக்கு எவ்வளவு கொழுப்பு விளைந்தது என்று பார்த்தால் சூடான குடுவைகள்தான் பின்தங்கின. உலர் எடையில் சதவீதமாகச் சொன்னாலோ அவையே முந்தின. நான் சதவீதத்தை மட்டும் அச்சுக்குக் கொடுத்தேன்.

காலமும் அதற்குத் தோதாக இருந்தது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. பாசியிலிருந்து டீசல் என்ற பேச்சு எங்கும் கேட்டது. அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை இதே முயற்சியைச் செய்து பார்த்து, பட்டினி போட்டால் கொழுப்பின் சதவீதம் ஏறினாலும் மொத்த எண்ணெய் விளைச்சல் கூடுவதில்லை என்று 1998 அறிக்கையில் எழுதியிருந்தது. அதைப் படித்த பிறகுதான் என் கட்டுரையை அனுப்பினேன். அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அதைவிடப் பெரிய தவறு, எந்தக் கொழுப்பு என்று பிரித்துப் பார்க்காமல் விட்டது. குளோரோஃபார்மும் மெத்தனாலும் ஊற்றிப் பிரித்து எடை போட்டதோடு நிறுத்திக்கொண்டேன். மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைகிறது, மீனெண்ணெய் உறைவதில்லை. செல்லின் சவ்வும் அப்படித்தான். குளிர்நீரில் அது விறைக்காமல் இருக்க ஈபிஏ போன்ற நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் நிறைய வேண்டும். நீர் சூடானால் அந்தத் தேவை குறைகிறது, செல் அவற்றைக் குறைத்துக்கொள்கிறது. உலகக் கடல்களில் எடுத்த 930 மாதிரிகளை அலசி 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, துருவக் கடலிலிருந்து வெப்பமண்டலம் வரை இதே போக்கைக் கண்டது. ஊட்டச்சத்துப் பற்றாக்குறையும் கொழுப்பின் வகையை மாற்றும். பாஸ்பேட் அரிதான சர்காசோ கடலில் மிதவைத் தாவர உயிரிகள் பாஸ்பரஸ் கொண்ட சவ்வுக் கொழுப்புகளைக் குறைத்து, பாஸ்பரஸே இல்லாத கந்தகக் கொழுப்புகளை வைத்துக்கொள்கின்றன. தராசில் இதெல்லாம் தெரியவே தெரியாது.

கடல் சூடாகும்போது மேல்நீர் லேசாகிக் கீழ்நீரோடு கலக்காமல் நிற்கிறது. அடியிலிருந்து நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் ஏறி வருவது குறைகிறது. டயாட்டங்கள் குறைந்து, அந்த இடத்தை மிகச் சிறிய சயனோபாக்டீரியாக்கள் பிடிக்கின்றன. அவற்றில் ஈபிஏவும், டிஹெச்ஏ என்ற இன்னொரு நிறைவுறாக் கொழுப்பு அமிலமும் அநேகமாக இல்லை. கடல் மீன்கள் பெரும்பாலும் இவற்றைத் தாமாகப் போதிய அளவு உண்டாக்கிக்கொள்வதில்லை, உணவிலிருந்துதான் பெறுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றில் மலபார்க் கரையோரம் அடிநீர் மேலெழும்போது செழிக்கும் டயாட்டங்களைத் தின்றே மத்தி கொழுக்கிறது. ஆக, ஒவ்வொரு செல்லிலும் கொழுப்பு ஏறினாலும் மீனுக்குத் தேவையான கொழுப்பு கடலில் குறைந்துபோகலாம். என் வரைபடம் இதற்கு நேர்மாறான எண்ணத்தைத் தந்தது.

நான் நடத்திய ஒரு பயிற்சி வகுப்பு முடிந்ததும், மரக்காணம் பக்கத்து இறால் பொரிப்பகத்தில் வேலை செய்த இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். “சார், ஆல்கே ரூம்ல ஏசியை நிறுத்திட்டா கொழுப்பு ஏறும்னு சொன்னீங்களே, குஞ்சுக்கு அது நல்லதுதானே?” என்றார். அந்த அறையில் வளரும் பாசியைத் தின்னும் இறால் குஞ்சுக்கு வேண்டியது ஈபிஏவும் டிஹெச்ஏவும். நான் அவற்றை அளக்கவே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். “நல்லதுதான் தம்பி” என்றேன். அவர் அதைக் கையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டார். அச்சில் மறைத்ததைவிட, நம்பிக் கேட்டவரிடம் சொன்ன அந்தப் பதில்தான் என்னை அதிகம் வதைக்கிறது.

கட்டுரை வெளியான இதழுக்குச் செல் கணக்கையும் நைட்ரேட் அளவையும் இணைத்துத் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன். என் வரைபடத்தை மேற்கோள் காட்டியிருக்கும் மாணவர்கள் அதை எடுத்துவிடுங்கள். ஆல்கே அறையில் ஏசியை நிறுத்தியவர்கள் தயவுசெய்து மறுபடி போடுங்கள்.