வீட்டிலே செய்வோம் கோழி சான்ட்விச்

பாண் என்றதும் எங்கள் பகுதிப் பெண்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பேக்கரி அல்ல, வரிசை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடல் ஊருக்குள் புகுந்தபோது நான் பாடசாலை மாணவி. எங்கள் குடும்பம் ஒரு பாடசாலைக் கட்டிடத்தில் தங்கியிருந்தது. காலையில் பாணும் பருப்பும், இரவில் பாணும் சம்பலும். 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த சனங்களும் இப்படித்தான் வரிசையில் நின்றார்கள். அந்தப் பாண் எங்கள் உயிரைக் காத்தது. அதை நான் மறக்கவில்லை. ஆனால் என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்று தீர்மானிக்கும் உரிமை அந்த வரிசையில் நின்ற எவருக்கும் இருக்கவில்லை.

சமூகவியல் படித்துவிட்டு இப்போது உப்புவெளியில் பெண்கள் குழுக்களுடன் வேலை செய்கிறேன். எங்கள் குழுவில் சில பெண்கள் கடற்கரையோர விருந்தினர் விடுதிகளில் சமையலறை வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவர் சம்பூர்ப் பக்கத்து அக்கா. கணவரை இழந்தவர். தனியாக மகளை வளர்க்கிறார். விடுதியில் வெள்ளைக்காரருக்குக் கோழி சான்ட்விச் செய்து கொடுப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. ஆனால் ஒருநாளும் அதை வாயில் வைத்ததில்லை. வீட்டுக்குப் பாண் வாங்குவதுமில்லை.

"பாண் எண்டால் எனக்கு முகாம் மணக்கும் மிஸ்" என்பார்.

ஒருநாள் கூட்டத்தில் மகளைப் பற்றிச் சொன்னார். "விடுதியில ஆருக்கோ செய்யிறியள், எனக்கு ஏன் அம்மா செய்து தாறேல்லை எண்டு கேக்கிறாள். என்ன சொல்லுறது?" எவரும் பதில் சொல்லவில்லை. "அடுத்த கூட்டத்துக்கு நான் எல்லாருக்கும் செய்துகொண்டு வாறன்" என்று நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்.

அது வைகாசி மாதம். கச்சான் காற்று நெருப்பாய் வீசிக்கொண்டிருந்தது. காலை ஆறு மணிக்கே 24 சான்ட்விச் செய்தேன். பச்சை முட்டை அடித்து மயோனைஸும் நானே செய்தேன். எல்லாவற்றையும் பையில் கட்டி, பஸ்ஸில் ஏறி, இரண்டு வீடுகளுக்குப் போய் அலுவல் பார்த்து, மூன்று மணிக்குக் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பையைத் திறந்ததும் புளித்த மணம் வந்தது. போசாக்கைப் பற்றிப் பேச வந்த நான் அத்தனையையும் குப்பைக் கிடங்கில் கொட்டினேன்.

வயதான ஓர் அம்மம்மா எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். "கொட்டாத பிள்ளை. முகாமில இதைவிடப் பழசெல்லாம் திண்டனாங்கள்."

எனக்கு வாய் வரவில்லை. அந்த அக்காதான் சொன்னார்: "அப்ப வேற வழியில்லை அம்மம்மா. இப்ப ஏன் திண்ணோணும்?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "கோழியை வெயிலுக்குள்ள கொண்டு திரிஞ்சது பிழை மிஸ். ஞாயிற்றுக்கிழமை என்ட வீட்ட வாங்கோ, நான் காட்டித்தாறன்."

போனேன். அன்று அவர் ஆசிரியை, நான் மாணவி. அவர் சொல்லித்தந்ததை இங்கே தருகிறேன். நான்கு பேருக்குப் போதும்.

எலும்போடு கூடிய கோழி இறைச்சி அரைக் கிலோ எடுங்கள். இஞ்சித் துண்டு, நான்கு பல்லு உள்ளி, பத்து மிளகு, ஒரு துண்டு ரம்பை, அளவான உப்பு போட்டு, இறைச்சி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் அரை மணி நேரம் அவியுங்கள். எலும்பை அண்டிய இடத்தில் இளஞ்சிவப்பு தெரியக்கூடாது. வெப்பமானி இருந்தால் இறைச்சியின் நடுவில் 74 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும். அவித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். கரட்டும் உருளைக்கிழங்கும் போட்டால் அன்றைய இரவுக்குச் சூப் ஆகிவிடும். பச்சை இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே மரக்கறி வெட்ட வேண்டும்.

மயோனைஸுக்குப் பதிலாக எருமைத் தயிர் பாவிக்கலாம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸ் அடுப்பைக் காண்பதில்லை. முட்டையில் கிருமி இருந்தால் அது அப்படியே வயிற்றுக்குள் போகும். போத்தலில் வருவதோ விலை கூட. ஒரு கோப்பைத் தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டால் தண்ணீர் வடிந்து வெண்ணெய் போலக் கட்டியாகும்.

அந்தத் தயிரில் நான்கு மேசைக்கரண்டி எடுத்து, அரைத் தேக்கரண்டி மிளகுதூள், கால் தேக்கரண்டி அரைத்த கடுகு, ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப் புளி, ஒரு சிட்டிகை சீனி, உப்பு சேர்த்து அடியுங்கள். ஆறிய இறைச்சியைச் சின்னதாகப் பிய்த்துப் போடுங்கள். பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், விதை நீக்கிய ஒரு பச்சைமிளகாய், அரைவாசி வெள்ளரிக்காய் சேருங்கள். வெள்ளரிக்காயில் உப்புப் பிரட்டிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்து போட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் விட்டுப் பாண் ஊறிப்போகும். கடைசியாக, கொஞ்ச எண்ணெயில் மொறுமொறுவெனப் பொரித்த கறிவேப்பிலையைக் கையால் நொறுக்கித் தூவுங்கள். வாசமே அதில்தான். பாண் துண்டுகளில் மாஜரின் மெல்லிதாகப் பூசினால் ஈரம் உள்ளே இறங்காது.

செய்த உடனே சாப்பிடுங்கள். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நாட்களில் ஒரு மணி நேரம்தான். எங்கள் ஊரில் ஆனி, ஆடிப் பகல்கள் அப்படிப்பட்டவை. ஆகவே இது பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டிக்கு ஏற்றதல்ல. விடுமுறை நாளில் வீட்டில் இருந்து சாப்பிட ஏற்றது.

பாண் என்ற சொல் போர்த்துக்கீசரோடு இலங்கைக்கு வந்தது. சான்ட்விச் என்ற பெயர் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் பட்டத்திலிருந்து வந்தது. எங்கிருந்து வந்தால் என்ன, எருமைத் தயிரும் கறிவேப்பிலையும் சேர்ந்த பிறகு அது எங்கள் குசினிச் சாப்பாடுதான்.

அன்று மகள் இரண்டு சாப்பிட்டாள். எனக்கும் ஒன்று தந்தார். அக்கா நெடுநேரம் சும்மா இருந்தார். பிறகு ஒன்றை மூலைக்கு மூலை வெட்டி, பாதியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் கடித்தார். நானும் மகளும் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். "அடுத்தமுறை குறைச்சுப் போடுவம்."

சகோதரிகளே, வரிசையில் நின்று வாங்கிய பாணில் உப்புக் கூட, குறைய என்று நாங்கள் எவரிடமும் சொன்னதில்லை. இன்று எங்கள் குசினியில் சொல்லலாம். பழுதானதை வேண்டாம் என்று தள்ளலாம், பிடித்ததை விரும்பியபடி செய்யலாம். மாதத்தில் ஒருநாளாவது அப்படிச் செய்யுங்கள். பிள்ளைகள் சாப்பிட்டு மிஞ்சியதை உண்ணாமல், உங்களுக்கென்று ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள்.